வால் எழாத ஓட்டம்

காவிரி இரண்டாகப் பிரிந்து மாலைபோல் சூழ்ந்து கிடக்கும் இத்தீவில், அரவணைமேல் கண்வளர்ந்தருளும் அரங்கநாதன் திருவடிகளை முதற்கண் தொழுகிறேன். கண்மூடியிருந்தும் ஒன்றையும் காணாது விடாத பெருமானே, இக்கடிதத்தில் ஒரு சொல்லும் என்னைக் காத்துக்கொள்வதற்காக எழுதப்படாதபடி என் கையை நடத்துவாயாக. உன் சந்நிதியில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக வாய்விட்டுச் சொல்லத் துணியாததை இன்று என் மகனுக்குச் சொல்லப்போகிறேன். அவன் கேட்கும்போது நீயும் கேட்டிருப்பாயாக.

மகனே, விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து நீ எழுதிய கடிதம் சென்ற மாதம் வந்தது. உணவு ஒத்துக்கொள்கிறது, வடநாட்டுக் குளிர் பழகிவிட்டது, தனியே பறக்கும் நாள் நெருங்குகிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய். உன் தாய் அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசிப் பத்தியை மட்டும் நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. வகுப்பில் உன் ஆசிரியர், விமானி செய்யும் பிழைகளுக்கு எடுத்துக்காட்டாகத் திருச்சிராப்பள்ளியில் நடந்த ஒரு விபத்தைச் சொன்னாராம். விமானி மூக்கைச் சீக்கிரம் தூக்கிவிட்டார், பிறகு பதற்றத்தில் ஓர் ஆளை வால் பக்கம் அனுப்பி நிலைமையை இன்னும் கெடுத்துக்கொண்டார் என்பது அவர் நடத்திய பாடம். “அப்பா, நீங்கள் அப்போது அங்கேதானே வேலை பார்த்தீர்கள்? நினைவிருக்கிறதா?” என்று நீ கேட்டிருந்தாய். நினைவிருக்கிறது. நினைவு என்னை விட்ட நாள் ஒன்றும் இல்லை. உன் ஆசிரியர் சொன்னது பிழை என்பதை முழுதும் அறிந்தவன் நான். அப்பழி ஊரறிய ஒரு மனிதர்மேல் விழுந்தது. ஆகையால் அதை நீக்கும் சொல்லும் ஊரறிய இருக்கவேண்டும் என்று எண்ணி, இதன் படியொன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். நீ முதலில் படிக்கவேண்டும் என்பதற்காக உனக்கு இரண்டு நாள் முந்தித் தபாலில் சேர்க்கிறேன்.

நான் அந்நாளில் இலங்கைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. டகோட்டா விமானம் ஒவ்வொன்றுக்கும் லோட் ஷீட் எழுதுவது என் வேலை. எந்த மூட்டை எவ்வளவு கனம், அது விமானத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது, எல்லாம் சேர்ந்து எடையின் நடு எங்கே விழுகிறது என்று கணக்கிட்டு எழுதிக் கையெழுத்திடுவேன். விமானி அதைப் பார்த்துத் தன் கருவிகளை அமைத்துக்கொள்வார். நான் எழுதிய தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. “ஐயங்கார் ஷீட் வந்தாச்சா, அப்ப கிளம்பலாம்” என்பது விமானிகளிடையே வேடிக்கைப் பேச்சாகவே ஆகியிருந்தது. நெற்றியில் திருமண்ணும் வாயில் திருநாமமுமாக இருப்பவன் பொய்யெழுத மாட்டான் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

எடையின் நடு என்பது உனக்கு இப்போது பாலபாடம். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நடு தனக்கு விதித்த எல்லைக்குள் இருக்கும்வரை, காற்று மூக்கைச் சற்றே தூக்கினாலும் அது தாயைத் தேடும் கன்றுபோலத் தானே தன் நிலைக்குத் திரும்பும். பின்னெல்லையைக் கடந்துவிட்டாலோ, விரலளவு எழுந்த மூக்கு முழமளவு எழ விரும்பும். முழமளவு எழுந்தது மேலும் எழ விரும்பும். அதன்பின் அது தானாகப் பறப்பதில்லை. ஒவ்வொரு கணமும் விழாதபடி ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடுகிறது. உயரத்தில் இருந்தால் தவற்றைத் திருத்திக்கொள்ள இடமுண்டு. எழும்போதும் இறங்கும்போதும் அந்த இடமில்லை. நம் வீதியில் பெருமாள் பல்லக்கைத் தோளில் தாங்குவோரை நீ எத்தனையோ முறை பார்த்திருக்கிறாய். பின்தண்டில் பாரம் சாய்ந்துவிட்டால் முன்தண்டுக்காரர் தோள் கொடுப்பதை விட்டு இரு கையாலும் தண்டைக் கீழே அழுத்திக்கொண்டு நடப்பார். நடை தளர்ந்தால் அந்தப் பிடியும் தளரும். விமானத்தில் அந்த முன்தண்டுக்காரர் விமானிதான். நடை என்பது வேகம்.

அன்று ஐப்பசி மாதத்துக் காலை. மழை விட்டிருந்தது. வெங்காய மூட்டைகள், துணிப் பேல்கள், பதனிட்ட தோல் கட்டுகள் ஆகியவற்றோடு, இலங்கையில் நம்மவர் எழுப்பிய ஒரு கோயிலுக்காக வார்த்த பெருமாள் விக்கிரகமும் உபயநாச்சிமாரோடு மரப்பெட்டியில் எழுந்தருளியிருந்தார். ஆறு பேர் சேர்ந்தால்தான் அந்தப் பெட்டி அசையும். கனமான பொருள் முன்னால் இருக்கவேண்டும் என்பதால், விமானி அறைக்குப் பின்னால் தோல் கட்டுகளையொட்டி அதற்கு இடம் குறித்து, ஷீட்டை எழுதிக் கேப்டனிடம் கொடுத்துவிட்டேன். கேப்டன் சவரிமுத்து அதைப் பார்த்துக் கையெழுத்திட்டு முன்னே ஏறிவிட்டார். ஏற்றுவதைப் பார்க்க நான் உள்ளே போனபோது தோலின் நாற்றம் என் நாசியில் அடித்தது. சாந்நித்தியம் பெறப்போகும் திருமேனியை அந்தக் கட்டுகளின்மேல் சாய்த்து வைக்கப்போகிறார்கள் என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

ஏற்றுக்கூலிகளின் தலைவன் செல்லையாவிடம், பெட்டியைப் பின்னால் கதவோரம் தனியே வைத்து, அடியில் புதுப்பாய் விரிக்கச் சொன்னேன். அவன் தயங்கினான். “சாமி, பின்னாடி ஏற்கனவே ரொம்பி இருக்கு. இதையும் வெச்சா வால் கனக்காதா?” என்றான். நான் சொன்ன பதிலை இன்று எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன். “பெருமாளைத் தோலோட வெக்கச் சொல்றியா? உங்களுக்கெல்லாம் அது நாறாது” என்றேன். அவன் தமையன் அந்தத் தோல் கிடங்கில் வேலை செய்பவன் என்பது எனக்குத் தெரியும். செல்லையா பெட்டியைக் கதவோரம் வைத்துக் கயிறு கட்டினான்.

ஷீட்டைத் திரும்ப வாங்கி மாற்றி எழுதியிருக்க வேண்டும். மாற்றியிருந்தால், எல்லை கடந்ததை அந்தத் தாளே காட்டிக்கொடுத்திருக்கும், வெங்காய மூட்டைகளை முன்னால் நகர்த்தியிருப்போம், அரைமணி தாமதமாகியிருக்கும். நான் செய்யவில்லை. அடித்தலில்லாத என் தாளில் ஒரு கோடு விழுவதை என் கர்வம் விரும்பவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று உண்டு, அதைச் சொல்லவே எனக்கு நாணமாயிருக்கிறது. உலகத்தை ஓரடியால் அளந்தவன் ஒரு விமானத்துக்குப் பாரமாவானா என்று என் மனத்தில் ஓர் எண்ணம் ஓடியது. எடை பார்த்து நானே எழுதியிருந்த வெண்கலத்தை, பின்னால் வைத்த கணத்திலேயே எடையற்றதாக நினைத்துக்கொண்டேன். பக்தி என்று நான் அதற்குப் பெயரிட்டேன். வேலையில் சோம்பியவன் கடவுளைத் துணைக்கழைத்தான் என்பதே அதன் மெய்ப்பெயர்.

விமானம் ஓடத் தொடங்கியபோது நான் சரக்குக் கொட்டகை வாசலில் நின்றேன். டகோட்டா தரையில் வாலைத் தாழ்த்தி நிற்பது. ஓட்டத்தின் நடுவே வால் தானே மேலெழுந்து உடல் நேராகும். எத்தனையோ முறை கண்டதால், எந்த இடத்தில் வால் எழும் என்பது எனக்குக் கண்மூடிச் சொல்லத் தெரியும். அன்று அந்த இடம் கடந்தது. வால் எழவில்லை. சிவப்புக் கொடி என்னிடமிருந்து நாலு எட்டில் ஒரு முளையில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வீசியிருக்கலாம், வீசியிருந்தால் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருப்பவர் பார்த்து நிறுத்தச் சொல்லியிருப்பார். மகனே, என் இரு கைகளும் அப்போது தலைக்குமேல் கூப்பியிருந்தன. எழுந்தருளிப் போகிற பெருமாளைச் சேவித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைகளைப் பிரிக்க எனக்குத் தோன்றவில்லை.

மூக்கு செங்குத்தாகத் தாவுவதுபோல் எழுந்தது. பிறகு தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. கேப்டனும் துணை விமானியும் சேர்ந்து சக்கரப்பிடியை முன்னால் தள்ளிக்கொண்டே வானில் ஒரு வட்டம் வந்தார்கள். உள்ளே நடந்ததை விசாரணையில் கேப்டன் சொல்லக் கேட்டே அறிந்தேன். பின்பாரம் என்பதை அவர் உணர்ந்துவிட்டார். ரேடியோ ஆபீசர் நடராஜனைப் பின்னால் அனுப்பி, நகர்த்தக்கூடியதை முன்னால் நகர்த்தச் சொன்னார். நடராஜன் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துத் தனி ஆளாக அதை இழுத்தார். ஆறு பேர் தூக்கியதை அவர் எப்படி இழுத்தார் என்பது எனக்கு விளங்கியதில்லை, இழுத்தார். ஆனால் மழைமேகம் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்திருந்தவர்களின் கைகள் ஓய்ந்துகொண்டிருந்தன. இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கக் குறைக்க வாலின் பிடியும் தளர்ந்தது. ஓடுபாதையின் விளிம்புக்கு வந்த நிலையில் மூக்கு கடைசி முறையாக எழுந்தது. பெட்டி வழுக்கி வாலுக்கே திரும்பியது. இறக்கைகள் காற்றை இழந்தன. விமானம் கம்பங்கொல்லை ஒன்றில் விழுந்தது.

நடராஜன் இறந்தார். கேப்டனின் வலக்கால் முழங்காலோடு போயிற்று. துணை விமானி பிழைத்தார். தலையில் பட்ட அடியால் அன்றைய காலை அவர் நினைவிலிருந்தே அழிந்துவிட்டது. வால் தனியே ஒடிந்து கிடந்தது. பெட்டி உடைந்திருந்தது, விக்கிரகத்தின்மேல் ஒரு கீறலும் இல்லை. நடராஜனின் கை அறுந்த கயிற்றைச் சுற்றியிருந்தது. விசாரணைக்காரர்கள் வருவதற்குள் ஊர் கூடிவிட்டது. பெருமாளைக் கட்டியணைத்தபடி ஒருவர் உயிர்விட்டார் என்று பேச்சு பரவியது. திருமேனியைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்துத் திருமஞ்சனம் செய்தார்கள். பெட்டி எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய சான்று அத்தோடு போயிற்று. சில நாள் கழித்து ஒரு பஜனை கோஷ்டியார் என்னை அழைத்து, நான் தனியிடம் கொடுத்துப் போற்றியதால்தான் பெருமாளுக்குப் பழுதில்லை என்று புகழ்ந்து, என் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

விசாரணையில் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். சரக்கு ஷீட்டில் உள்ளபடி ஏற்றப்பட்டதா என்றார்கள். ஆம் என்றேன். செல்லையாவைக் கேட்டார்கள், சாமி சொன்ன இடத்தில் வைத்தேன் என்றான். அது உண்மை; ஆனால் அவன் சொல்லும் என் சொல்லும் ஒன்றென்று எழுதிக்கொண்டார்கள். ஷீட் சரியென்றால் பிழை விமானியின் கையினது என்று முடிவாயிற்று. கேப்டன் பின்பாரம் என்று எவ்வளவோ சொன்னார். பின்பாரம் என்றால் ஆளை ஏன் பின்னால் அனுப்பினீர் என்று அவரையே மடக்கினார்கள். அவருடைய லைசென்ஸ் போயிற்று. கால் போனபின் அதனால் பயனில்லைதான். ஆயினும் போனது காலாக இருப்பது வேறு, பெயராக இருப்பது வேறு.

அதன்பின் நான் வாழ்ந்த வாழ்வை நீ வெளியிலிருந்து பார்த்திருக்கிறாய். காலையில் காவிரியில் நீராடினேன், திருவாராதனம் செய்தேன், ஏகாதசி தவறாமல் உபவாசம் இருந்தேன். அனுஷ்டானம் கூடிக்கொண்டே போவதைக் கண்டு, அப்பாவுக்கு வைராக்கியம் வந்துவிட்டது என்று நீ உன் தாயிடம் சொன்னாய். அது வைராக்கியம் அன்று. நம் வீட்டுச் சாளக்கிராமத்தைக் கையில் ஏந்தும்போதெல்லாம் அதில் கயிறு சுற்றியிருப்பதுபோல் விரலுக்குப் படும். தீர்த்தம் சேர்க்கும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை, கயிறு இல்லை என்று பார்த்துக்கொள்வேன். வீதியில் பல்லக்கு வரும்போது கூட்டம் பெருமாள் முகத்தைப் பார்க்கும். என் கண் பின்தண்டுக்காரர்களின் முழங்காலைப் பார்க்கும். நீ விமானப் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் எதிர்த்ததற்கு, கடல் கடக்கக்கூடாது, ஆசாரம் கெடும் என்று காரணம் சொன்னேன். பொய். இன்னொருவன் எழுதிய தாளை நம்பி நீ ஏறுவாய் என்ற அச்சமே காரணம். உன்னைத் தடுக்கப் பொய் சொன்னதற்காகவும், அப்பொய்யைச் சாஸ்திரத்தின்மேல் ஏற்றியதற்காகவும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள் உன் தாயிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் பரிவட்டத்தைப் பொட்டியிலே வெச்சுண்டிருக்கேளே, அதை முதல்லே திருப்பிக் குடுத்துட்டு வாங்கோ. அப்புறம் சாப்பிடலாம்” என்றாள். கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டவர்கள் காரணம் கேட்டார்கள், சொன்னேன். அவர்களில் ஒருவர், பெருமாள் பெயர் கெடும்படி இதையெல்லாம் வெளியில் பேசவேண்டாமே என்றார். பெருமாள் பெயர் கெடவில்லை, கெட்டது ஒரு விமானியின் பெயர் என்றேன். அவர்கள் என்னை வழியனுப்ப வாசல்வரை வரவில்லை.

செல்லையா அந்த விபத்துக்குப்பின் வேலையை விட்டு மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் சேர்ந்திருந்தான். தேடிப்போய், விமானத் துறைக்கு அனுப்ப நான் எழுதியிருந்த வாக்குமூலத்தைப் படித்துக்காட்டி, சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். கையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். “போடறேன் சாமி. ஆனா வால் கனக்கும்னு நான் சொன்னது இதுல இல்லியே” என்றான். சேர்க்கிறேன் என்றேன். “நீங்க பதிலுக்குச் சொன்னீங்களே, அதையும் சேருங்க” என்றான். அவ்வளவு ஆண்டுகளில் அவன் அதை மறந்திருப்பான் என்று நான் நினைத்திருந்தேன். ஆலை வாசலிலேயே உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல என் சொற்களை என் கையாலேயே எழுதினேன். முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டபின்தான் கையெழுத்திட்டான்.

கேப்டன் எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறார். கான்வென்ட் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். “வாங்க ஐயங்கார். என்ன, இன்னொரு லோட் ஷீட்டா?” என்றார். கேலியாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வாக்குமூலத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து, தம் இரு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் கை தப்புப் பண்ணலேன்னு அன்னைக்கு எனக்குத் தெரியும்” என்றார். “அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாப் போச்சு. சைக்கிள் ஓட்டற புள்ளைங்களைப் பார்த்தாகூட, நம்ம கைக்கு இது வருமான்னு தோணும்.” நான் அவர் காலில் விழ எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நடராஜனின் மனைவியிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றபோது அவர் குரல் கடுமையாயிற்று. அது தன் வேலை, நான் அந்த வீட்டுப்படி ஏறக்கூடாது என்றார். உடன்பட்டேன். அந்த அம்மாள், தன் கணவர் கடவுளைக் காக்கப்போய் இறந்தார் என்று நம்பியிருக்கிறார். மூன்று பேர் உயிரைக் காக்கப்போய் இறந்தார் என்பது அதைவிடச் சிறியதன்று என்று கேப்டன் சொல்வார். சொல்லத் தகுதியுள்ளவர் அவர் ஒருவரே.

பிறகு அவர் ஒன்றை ஒப்புக்கொண்டார். அதற்காகத்தான் இக்கடிதம் இவ்வளவு விரைவாக உன்னை நோக்கி வருகிறது. ஓட்டத்தின் நடுவே வால் எழவில்லை என்பதை அவரும் உணர்ந்தாராம். நிறுத்துவதற்குப் பாதை இன்னும் மிச்சம் இருந்ததாம். “கை நிறுத்துன்னுது. ஷீட்டைப் பார்த்தேன். அதுல உங்க கையெழுத்து. ஐயங்கார் தப்பா எழுதமாட்டாரேன்னு விட்டுட்டேன்” என்றார். என் திருமண்ணும் என் அடித்தலற்ற தாளும் ஒரு நல்ல விமானியின் கையைவிட அவருக்குப் பெரிதாய்த் தோன்றும்படி நான் வாழ்ந்திருக்கிறேன். இதைவிடக் கொடிய புகழ் ஒருவனுக்கு இருக்க முடியுமோ என்று அறியேன்.

வாக்குமூலத்தை முதலில் துறைக்கு அனுப்புகிறேன், தங்கள் பெயர் திருந்தட்டும் என்றேன். அது போகட்டும், ஆனால் காகிதம் மெதுவாகத்தான் நகரும்; அதற்குள் அங்கே ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் தப்பான பாடத்தைப் படித்துவிட்டு ஏறுவார்கள், முதலில் மகனுக்கு எழுதுங்கள் என்றார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். “ஓட்டத்துல வால் எழலேன்னா த்ராட்டிலை மூடி நிறுத்தச் சொல்லுங்க. ஷீட்ல யார் கையெழுத்து இருந்தாலும் மூடணும். சாமி கையெழுத்தே இருந்தாலும் மூடணும்.” கடைசி வாக்கியத்தை எழுதுமுன் என் பேனா சற்று நின்றது. எழுதிவிட்டேன்.

இக்கடிதத்தைத் தபாலில் சேர்த்தபின் வாக்குமூலம் ரிஜிஸ்தர் தபாலில் போகும். என்ன வரும் என்று அறியேன். வருவது எதுவாயினும் எனக்கு உரியது. நீ இக்கடிதத்தை உன் வகுப்பில், உன் ஆசிரியர் முன்னிலையில், நான் உன் தந்தை என்பதை மறைக்காமல் உரக்கப் படிக்கவேண்டும். அது உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். உன்னுடன் படிப்பவர்களில் ஒருவனாவது ஒருநாள் பாதையின் நடுவே நிறுத்திவிட்டு இறங்கிவந்து, ஏன் நிறுத்தினாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பான். அப்போது அவன் உயிரோடு நிற்பான். தனியே பறக்கப்போகும் நாளைப் பற்றி நீ எழுதியிருந்தாய். போய்வா. இம்முறை நான் தடுக்கவில்லை. ஏறுமுன் பின்பக்கம் நடந்துபோய் உன் கண்ணால் பார். பிறகு உன் கை சொல்வதைக் கேள்.

நீ எழும் திசையிலெல்லாம் காற்று உனக்குத் தோழமையாகுக. நீ இறங்கும் நிலமெல்லாம் உன்னை மெல்ல ஏற்றுக்கொள்க. நாளை உன் கைப்பிடிக்க வருபவளும், உங்கள் வீட்டில் பிறக்கும் மக்களும், மாலையில் உன் காலடி ஓசையைக் கேட்டுக் கதவு திறக்கும் பேறு பெறுக. இதைப் படிக்கும் ஒவ்வொருவர் இல்லத்திலும், காலையில் வேலைக்குப் போனவர் அந்தியில் திரும்பிவருக என்று அரங்கன் திருவடியில் வேண்டி நிற்கும்,

உன் தந்தை.